ஆற்றடியில் யார் இல்லை?

தென் இங்கிலாந்தில் கென்னட் என்று ஓர் ஆறு. சுண்ணப்பாறைக் குன்றுகளின் அடியில் ஊறி வெளிவரும் தண்ணீர் என்பதால், கோடையிலும் குளிர்ந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிய ஓடும். தூண்டில்காரர்களிடம் பெயர்பெற்ற ஆறு அது. 2013 ஜூலை தொடக்கத்தில் மார்ல்பரோ என்ற ஊரை ஒட்டி இந்த ஆற்றில் வலையோடு இறங்கிய உள்ளூர்த் தன்னார்வலர்கள், ஆற்றடியில் கூட்டங்கூட்டமாக இருக்க வேண்டிய கமாரஸ் என்ற நன்னீர்க் கூனிகள் செத்தும் சாகக் கிடந்தும் வலையில் ஏறுவதைப் பார்த்தார்கள். தகவல் உடனே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமைக்குப் போனது. ஆராய்ந்ததில் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்து ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் கலந்திருந்தது தெரிந்தது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றடியின் பூச்சிகளும் கூனிகளும் துடைத்தெடுக்கப்பட்டிருந்தன. மீன்கள் தப்பின.

இந்த மருந்து நமக்குப் புதிதல்ல. வீடு கட்டும்போது கரையானுக்காக அடித்தளத்தில் ஊற்றுகிறார்களே, அந்த மருந்துகளில் இதுவும் ஒன்று. நரம்பு முனைகளில் செய்தி கடத்தி முடித்த வேதிப்பொருளைச் சிதைத்து அப்புறப்படுத்தும் ஒரு நொதியை இது முடக்கிவிடும். நரம்பு ஓயாமல் துடித்து, உயிரி வலிப்பில் சாகும். கணுக்காலிகளுக்கு, அதாவது பூச்சி, கூனி, நண்டு வகையறாக்களுக்கு, நம்பமுடியாத அளவு நீர்த்த நிலையிலும் இது எமன். நத்தைக்கும் மண்புழு இனத்துக்கும் அட்டைக்கும் அந்த அளவில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆகவே ஒரு வலையில் நத்தையும் அட்டையும் உயிரோடு இருந்து, கூனியும் பூச்சியும் மட்டும் இல்லாமல் போனால் அந்த இடம் ஒரு செய்தியைச் சொல்கிறது: இது சாக்கடை வேலையல்ல, பூச்சிமருந்தின் வேலை. சாக்கடை கலந்திருந்தால் போகும் வரிசை வேறு.

இந்த வரிசையைப் படிக்கக் கற்பதுதான் ஆற்றின் அடிவாழ் உயிரிகளைக் கொண்டு நீரின் தரத்தைக் கணிக்கும் கலை. கண்ணுக்குத் தெரிகிற, முதுகெலும்பில்லாத, கல்லிலும் மணலிலும் சேற்றிலும் ஒட்டியும் புதைந்தும் வாழ்கிற உயிரிகள் இவை. பெரும்பாலானவை பூச்சிகளின் இளம்பருவங்கள். நாம் குளத்தின் மேல் பறக்கக் காணும் தட்டான், வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கடியில் கழித்துவிட்டுத்தான் சிறகோடு வருகிறது. இவற்றோடு நத்தை, மட்டி, அட்டை, புழு, கூனி, நண்டு.

சீசாவில் தண்ணீர் எடுத்துப் போய் ஆய்வகத்தில் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சீசாவுக்குள் இருப்பது அந்த நிமிடத்துத் தண்ணீர். சாயப்பட்டறையோ தோல் தொழிற்சாலையோ கழிவைத் திறந்துவிடுவதென்றால் நள்ளிரவில் திறக்கும். மாதிரி எடுப்பவர் காலைச் சிற்றுண்டி முடித்துவிட்டுத்தான் வருவார். களவு இல்லாத ஆற்றில்கூட இதே சிக்கல் உண்டு. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே இருக்கும். இரவில் அந்த வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். ஊட்டச்சத்து மிகுந்து பாசி மண்டிய ஆற்றில் விடியலுக்குச் சற்று முன்பு ஆக்சிஜன் அதலபாதாளத்துக்குப் போயிருக்கும். பத்து மணிக்கு எடுத்த சீசாவில் எல்லாம் சரியாக இருப்பதாகவே முடிவு வரும். அந்த அதிகாலையில் கல்லுக்கடியில் இருந்த பூச்சிக்கு மூச்சு முட்டியிருக்கும். மறுநாள் அது அங்கே இருக்காது.

இன்னொன்று, எதைத் தேடுகிறோமோ அதைத்தான் ஆய்வகம் கண்டுபிடிக்கும். குளோர்பைரிஃபாஸுக்கான சோதனையைச் செய்யச் சொன்னால்தான் அது வெளிப்படும். தினந்தோறும் நூற்றுக்கணக்கான நச்சுகளுக்குத் தனித்தனியாகச் சோதனை நடத்த எந்த நாட்டிடமும் பணமில்லை. பூச்சியிடம் எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பதிலாக அது ஒரு குறையோடு வருகிறது: என்னவோ நடந்தது என்று காட்டும், நடந்ததன் பெயரையும் அளவையும் காட்டாது. அதற்குச் சீசாதான் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விரட்டுவதற்கு அல்ல. பூச்சி கையைக் காட்டும் இடத்தில் சீசாவை நீட்டினால் செலவு மிச்சம்.

சரி, சாக்கடை கலந்தால் யார் முதலில் போவார்கள்? எல்லாம் மூச்சில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. பத்து டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் ஆற்று நீர் முழுக்க நிறைந்தாலும் 11 மில்லிகிராம் சொச்சம்தான் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். நீருக்கடியில் வாழ்வது என்பதே எப்போதும் பற்றாக்குறையில் வாழ்வதுதான். சாக்கடையில் வரும் கழிவைத் தின்ன பாக்டீரியா பெருகும். பெருகியவை ஆக்சிஜனை உறிஞ்சும். பெரும்பாலும் கழிவு நேரடியாகக் கொல்வதில்லை, அதைத் தின்ன வந்தவை கொன்றுவிடுகின்றன.

கல் ஈ என்று ஒரு பூச்சி. அதன் இளம்பருவம், குளிர்ந்து வேகமாக ஓடும் நீரில் கற்களைப் பற்றிக்கொண்டு வாழும். இரண்டு வால்கள், தட்டையான உடல், கால்களின் அடியில் குஞ்சம் போன்ற செவுள். செவுளை அசைக்கும் வசதி அதற்கு இல்லை. ஓடும் நீர் தானாக ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் குறையத் தொடங்கினால் அது காலை ஊன்றி உடலை மேலும் கீழும் ஏற்றி இறக்கித் தண்டால் எடுக்கும். அந்த அசைவில் கொஞ்சம் புது நீர் செவுளில் படும். ஆய்வகத் தொட்டியில் குமிழி விடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இதைக் கண்ணால் காணலாம். இன்னும் குறைந்தால் பிடியை விட்டுவிட்டு நீரோட்டத்தோடு போய்விடும், அல்லது அங்கேயே சாகும்.

மே ஈக்களில் பல வகை. கல்லோடு கல்லாக ஒட்டித் தட்டையாக வாழ்பவற்றுக்குக் கல் ஈயின் கதிதான். மணலில் வளை தோண்டி வாழ்பவை வயிற்றின் இருபுறமும் உள்ள இறகுச் செவுள்களை ஓயாமல் அடித்துத் தம் வளைக்குள் நீரோட்டத்தை உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மே ஈயின் கதை வேறொரு வகையிலும் விசித்திரமானது. சிறகு முளைத்த பிறகு மறுபடி ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி உலகில் இது ஒன்றுதான். வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை. பல இனங்களில் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் ஆயுள். அந்தச் சில மணி நேரத்துக்காக மாதக்கணக்கில், குளிர்நாடுகளில் ஓராண்டும் அதற்கு மேலும்கூட, ஆற்றடியில் காத்திருந்திருக்கும். அந்தக் காத்திருப்பில் ஒரே ஓர் இரவு மூச்சு முட்டியிருந்தாலும் பூச்சி பறந்திருக்காது. ஆற்றின் நினைவு என்று இதைச் சொல்லலாம்.

எதிர்ப்பக்கத்தில் கைரோனமஸ் என்ற கொசு போன்ற, ஆனால் கடிக்காத ஈயின் புழு. சேற்றில் குழல் கட்டி வாழும் இதன் உடல் இரத்தச் சிவப்பு. காரணம் நம் இரத்தத்தில் உள்ள அதே வகைப் பொருள், ஹீமோகுளோபின். பூச்சிகளில் இது அபூர்வம். ஆக்சிஜன் அறவே குறைந்த சேற்றிலும் கிடைக்கிற துளியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தீவனமாக வாங்கும் டியூபிஃபெக்ஸ் புழுவும் சிவப்புதான். தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய வாலை இன்னும் நீட்டும், இன்னும் வேகமாக ஆட்டும். வேறு யாரும் இல்லாத சாக்கடை ஆற்றில் இவை சிவப்புக் கம்பளமாகப் பரவிவிடும். கொசுப் புழு, சில நத்தைகள், எலிவால் புழு போன்றவற்றுக்கு இந்தக் கவலையே இல்லை. அவை நீருக்கு மேலே குழலை நீட்டியோ மேலெழுந்து வந்தோ காற்றையே சுவாசிக்கின்றன. தண்ணீர் எப்படி நாறினால் அவற்றுக்கென்ன.

இந்த வேறுபாட்டை முதலில் ஒழுங்காக அட்டவணையிட்டவர்கள் ஜெர்மனியின் கோல்க்விட்ஸும் மார்சனும். 1908-இல் தாவரங்களுக்கும் 1909-இல் விலங்குகளுக்குமாக, கழிவு எவ்வளவு அழுகிய நிலையில் எந்த உயிரி வாழும் என்று பட்டியல் போட்டார்கள். அமெரிக்காவில் ரூத் பாட்ரிக் 1948-இல் பென்சில்வேனியாவின் கோனஸ்டோகா ஆற்றுப் படுகையில் வேதியியலாளர்களையும் பலதுறை உயிரியலாளர்களையும் ஒரே குழுவாக இறக்கி ஆய்வு செய்தார். தனியொரு உயிரியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். நல்ல ஆற்றில் பல இனங்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். கெட்ட ஆற்றில் சில இனங்கள், ஒவ்வொன்றும் எக்கச்சக்கம். 105 வயது வரை வாழ்ந்த அந்த அம்மையார் நீரின் தரம் பற்றிய ஆராய்ச்சியை அறுபது எழுபது ஆண்டுகள் நடத்தினார்.

ஆனால் ஆற்றை நிர்வகிக்கும் பொறியாளரிடம் பட்டியலைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அவருக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண் பிறந்த இடம் இங்கிலாந்தின் டிரென்ட் ஆறு. பர்மிங்ஹாம் நகரின் தொழிற்சாலைக் கழிவையும் மண்பாண்டத் தொழில் நடந்த ஸ்டோக் நகரின் கழிவையும் சுமந்த ஆறு அது. டிரென்ட் ஆற்று ஆணையத்தில் வேலைபார்த்த வூடிவிஸ் என்பவர் 1964-இல் ஓர் எளிய அட்டவணையை வெளியிட்டார். கழிவு கூடக்கூட யார் எந்த வரிசையில் மறைகிறார்கள் என்பதே அதன் உள்ளடக்கம். முதலில் கல் ஈ, அடுத்து மே ஈ, பிறகு காடிஸ் என்ற பூச்சி, பிறகு கமாரஸ், பிறகு அசெல்லஸ் என்ற நீர்ப் பேன், கடைசியில் சிவப்புப் புழுக்கள். எந்தப் படி வரை மிச்சமிருக்கிறது, மொத்தம் எத்தனை வகை இருக்கின்றன என்ற இரண்டையும் வைத்து 0 முதல் 10 வரை ஓர் எண். அலுவலகக் கோப்பில் ஒட்டத்தக்க ஓர் எண் கிடைத்துவிட்டதில் இந்தத் துறையின் தலையெழுத்தே மாறியது என்பது என் எண்ணம்.

1976-இல் பிரிட்டனில் உயிரியல் கண்காணிப்புப் பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, நாடு முழுமைக்கும் பொதுவான மதிப்பெண் முறை வகுக்கப்பட்டது. இனம் வரை அடையாளம் காணத் தேவையில்லை, குடும்பம் போதும் என்று அந்தக் குழு முடிவெடுத்தது பெரிய உபகாரம். நாள்கணக்கில் நுண்ணோக்கியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலை மணிக்கணக்காகக் குறைந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். பெர்லிடே குடும்பத்துக் கல் ஈக்கு 10, தட்டை மே ஈக்கு 10, கமாரஸுக்கு 6, வலைபின்னும் காடிஸுக்கு 5, பீட்டிடே என்ற சிறு மே ஈக்கு 4, அட்டைக்கும் குளத்து நத்தைக்கும் 3, கைரோனமிட் புழுவுக்கு 2, சேற்றுப்புழுவுக்கு 1. ஒரு தட்டில் பெர்லிடே, தட்டை மே ஈ, வலைபின்னும் காடிஸ், பீட்டிடே, கைரோனமிட், சேற்றுப்புழு ஆகிய ஆறும் இருந்தால் மொத்தம் 32. ஆறால் வகுத்தால் 5.3. முதல் இரண்டும் காணாமல் போனால் மொத்தம் 12, சராசரி 3. மொத்தத்தைவிடச் சராசரியை ஏன் நம்புகிறார்கள் என்றால், கூடுதல் நேரம் தேடுகிறவருக்குக் கூடுதல் குடும்பம் சிக்கும், மொத்தம் எகிறும். சராசரி அவ்வளவாக ஆடாது. பொதுவாகச் சராசரி 6-ஐத் தாண்டினால் நல்ல ஆறு. 4-க்குக் கீழே போனால் தொல்லை.

மாதிரி எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைவிட மலிவான அறிவியல் கருவி குறைவு. நீண்ட கைப்பிடி வைத்த வலை ஒன்று, வெள்ளைத் தட்டு ஒன்று. முழங்கால் ஆழத்தில் ஆற்றில் நின்று, நீரோட்டம் போகும் பக்கம் வலையைப் பிடித்து, அதற்கு மேற்புறம் காலால் கல்லையும் மணலையும் கிளற வேண்டும். கலைந்த உயிரிகள் ஓட்டத்தில் அடித்து வலைக்குள் வரும். பிரிட்டனில் இதற்கு மூன்று நிமிடம் என்று விதி. ஆழமான இடம், ஆழமற்ற இடம், செடி மண்டிய ஓரம் என்று அந்த மூன்று நிமிடத்தைப் பங்குபோட வேண்டும். கூடவே ஒரு நிமிடம் கற்களைக் கையால் புரட்டிப் பார்ப்பது. பிறகு வலையைத் தட்டில் கவிழ்த்தால் வெள்ளையின்மேல் எல்லாம் நெளியத் தொடங்கும். கென்னட் தன்னார்வலர்கள் செய்ததும் இதன் எளிய வடிவம்தான். அவர்கள் எட்டே கூட்டங்களை மட்டும் அடையாளம் கண்டு, தோராயமாக எத்தனை என்று குறிப்பார்கள். அந்த இடத்துக்கென்று முன்பே குறித்த அளவுக்குக் கீழே கணக்கு இறங்கினால் அதிகாரிக்குத் தொலைபேசி போகும்.

அந்த இடத்துக்கென்று முன்பே குறித்த அளவு. இந்தத் துறையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

மதிப்பெண் முறை வந்த சில ஆண்டுகளிலேயே ஒரு சங்கடம் தெரிந்தது. மலையிலிருந்து கல்லில் மோதி இறங்கும் ஓடையும், சமவெளியில் சேறும் மணலுமாக நெளிந்து ஓடும் ஆறும் ஒரே அளவு சுத்தமாக இருந்தாலும் ஒரே மதிப்பெண் வாங்காது. சமவெளி ஆற்றில் கல் ஈ இல்லை என்றால் அதற்குக் கழிவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. பற்றிக்கொள்ளக் கல்லே இல்லை. ஒருவர் இல்லை என்பதில் தகவல் எதுவும் இல்லை. இருந்திருக்க வேண்டியவர் இல்லை என்பதில்தான் தகவல் இருக்கிறது. அப்படியானால் ஒவ்வோர் இடத்திலும் யார் இருந்திருக்க வேண்டும் என்பதை யார் சொல்வது?

1977-இல் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் இருந்த ஓர் ஆற்று ஆய்வகத்தில் ஜான் ரைட்டும் கூட்டாளிகளும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். நாடெங்கும் கூடியவரை மாசில்லாத ஆற்றிடங்களைத் தேர்ந்து, வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என மூன்று பருவத்திலும் அதே மூன்று நிமிட வலை. கூடவே அந்த இடத்தின் இயற்கைக் குணங்கள்: ஊற்றிலிருந்து தூரம், கடல்மட்டத்திலிருந்து உயரம், சரிவு, அகலம், ஆழம், அடியில் பாறையா மணலா, நீரின் காரத்தன்மை. பின்னாளில் இந்தப் பட்டியல் 600-க்கும் மேற்பட்ட இடங்களாக வளர்ந்தது. இதை வைத்து எழுந்த முறைக்கு ரிவ்பாக்ஸ் என்று பெயர். இப்போது ஒரு சந்தேகத்துக்குரிய ஆற்றிடத்தின் அகலம், ஆழம், சரிவு முதலியவற்றை உள்ளே கொடுத்தால், மாசு இல்லாமல் இருந்திருந்தால் இங்கே இன்னின்ன குடும்பங்கள் இவ்வளவு வாய்ப்போடு இருந்திருக்கும் என்று கணினி சொல்லும். எதிர்பார்த்தது 24 குடும்பம், வலையில் வந்தது 18 என்றால் விகிதம் 0.75. மலை ஓடையையும் சமவெளி ஆற்றையும் இப்போது அருகருகே வைத்துப் பேசலாம். ஒவ்வொன்றும் தன் இயற்கையோடுதான் ஒப்பிடப்படுகிறது, மற்றொன்றோடு அல்ல. ஆஸ்திரேலியர்கள் 1990-களில் இதே கருத்தை எடுத்துத் தங்கள் ஆறுகளுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த நீர்ச் சட்டகம், ஆற்றின் நிலையை அதன் மாசற்ற நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கும்படி உறுப்புநாடுகளுக்குச் சட்டமாகவே சொல்லிவிட்டது.

மதிப்பெண் முறைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அது மூச்சை வைத்துக் கட்டியது; சாக்கடைக்காகச் செய்த அளவுகோல். உப்பை அது சரிவரக் காட்டாது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரிக்காக மலையுச்சியையே வெட்டிப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறார்கள். அந்தக் கற்குவியலில் மழைநீர் ஊறி வரும்போது உப்புகள் கரைந்து வரும். ஆக்சிஜன் நிறைந்த, குளிர்ந்த, துள்ளி ஓடும் ஓடைதான். ஆனால் மே ஈக்கள் போய்விடுகின்றன. நன்னீரில் வாழ்வதற்கென்றே உடலின் உப்புச் சமநிலையை அமைத்துக்கொண்ட பூச்சி அது. அங்குள்ள ஓடைகளில் பூச்சிகள் எந்த அளவில் மறைகின்றன என்று கணக்கிட்டு, மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வழிகாட்டு எல்லை வைத்தது. இதைப் படிக்கும்போது நொய்யல் ஆற்றை நினைக்காமல் இருக்க முடியாது. திருப்பூரின் சாயத் தொட்டிகளில் சாயம் துணியில் ஏறுவதற்காகக் கொட்டப்படுவது உப்பு. நிறத்தை நீக்கிவிட்டாலும் உப்பு தண்ணீரோடு போகும். அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு, விவசாயிகளே திறக்க வேண்டாம் என்று சொன்ன உப்புத் தொட்டியாக ஆனது அப்படித்தான்.

இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1980-களின் இறுதியில் நெதர்லாந்துடன் சேர்ந்து யமுனையில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தது. பிரிட்டிஷ் மதிப்பெண் அட்டவணையைக் கொஞ்சம் மாற்றி, அதோடு ஒரு பன்மை அளவையும் சேர்த்து, ஆற்றை ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஐந்து வகுப்பாகப் பிரித்து நீலம் முதல் சிவப்பு வரை வரைபடத்தில் வண்ணமிடும் முறை அதிலிருந்து வந்தது. அந்தப் பன்மை அளவு எனக்கு மிகப் பிடித்தமானது, ஏனெனில் அதைச் செய்யப் பூச்சியின் பெயர் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். தட்டிலிருந்து கண்ணைத் தேர்வு செய்ய விடாமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். எடுத்தது முந்தையதைப் போலவே இருக்கிறதா, வேறா? இது ஒன்றுதான் கேள்வி. வேறென்றால் புதிய தொடர். நத்தை, நத்தை, மே ஈ, புழு, புழு, புழு, மே ஈ என்று ஏழு வந்தால் தொடர்கள் நான்கு. நான்கை ஏழால் வகுத்தால் 0.57. ஏழும் புழுவென்றால் ஒரே தொடர், 0.14. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்வார்கள். ஜான் கெய்ர்ன்ஸ் என்ற அமெரிக்கர் 1968-இல் இதை முன்வைத்ததே உயிரியல் படிக்காதவர்களும் செய்யட்டும் என்றுதான்.

அந்த முறையின் மற்றப் பாதியான மதிப்பெண் அட்டவணையில்தான் சிக்கல். பிரிட்டனின் அட்டவணையில் உயர்ந்த மதிப்பெண்கள் பலவும் கல் ஈக் குடும்பங்களுக்கு. தென்னிந்திய ஓடைகளில் கல் ஈ என்றால் பெரும்பாலும் பெர்லிடே என்ற ஒரே குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தூய ஓடைகூட, பல கல் ஈக் குடும்பங்கள் தரும் மதிப்பெண்ணை எங்கிருந்து வாங்கும்? கமாரஸ் இல்லை என்பதும் இங்கே எதையும் குறிக்காது. அந்த வேலையை நம் ஆறுகளில் பார்ப்பது வேறு வகை இறால்களும் கூனிகளும். இரவல் பட்டியலோடு ஆற்றில் இறங்கினால், எப்போதுமே வராதவர்களை எதிர்பார்த்து நிற்போம். உண்மையில் காணாமல் போனவர்களைக் கவனிக்க மாட்டோம்.

பட்டியலை இங்கேயே எழுத வேண்டும் என்றால் பெயர் வைப்பவர்கள் வேண்டும். மதுரையில் மதுரா கல்லூரியில் பணியாற்றிய கே. ஜி. சிவராமகிருஷ்ணன் தென்னிந்திய மலையோடைகளின் மே ஈக்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். குற்றாலத்துப் பூச்சி ஒன்றைப் புதிய பேரினமாகவே விவரித்து 1984-இல் அவர் வெளியிட்டார். பீட்டர்சுலா கோர்டாலென்சிஸ் என்ற அதன் பெயரில் குற்றாலம் இருக்கிறது. சீசனுக்கு வந்து அருவியில் நின்றுவிட்டுப் போகிற நமக்கு அங்கே உலகத்துக்கே புதிய பூச்சி இருந்தது தெரியாது. இப்போது மாதிரியை மொத்தமாக அரைத்து மரபணு வரிசையைப் படித்து யார் யார் இருந்தார்கள் என்று சொல்லும் முறை வந்துவிட்டது. விரைவானது, எதிர்காலமும் அதற்குத்தான். ஆனால் எடுத்த வரிசையைப் பொருத்திப் பார்க்கப் பெயரிடப்பட்ட வரிசைகளின் தொகுப்பு வேண்டும். நம் பூச்சிகளில் பலவற்றுக்கு அந்தத் தொகுப்பில் இடம் இன்னும் காலி. ஆற்றில் கிடைத்த இளம்பருவமும் விளக்கொளியில் பிடித்த சிறகுப் பூச்சியும் ஒன்றேதானா என்பதே பல இனங்களில் தெரியாத நிலையில், கருவி வாங்கிவிட்டால் போதும் என்று திட்ட அறிக்கை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மலையில் ஒப்பிட்டுப் பார்க்க மாசில்லாத இடமாவது இருக்கிறது. தாமிரபரணி காட்டைவிட்டு இறங்கும் வரை அதன் கிளை ஓடைகளில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிவைக்கலாம். சமவெளியில் என்ன செய்வது? காவிரியில் ஈரோட்டுக்குக் கீழே, அணையாலும் ஆலையாலும் மணல் அள்ளுவதாலும் தொடப்படாத ஓர் இடத்தைத் தேடினால் கிடைக்காது. இருப்பதில் நல்லதை அளவாக வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பல நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அப்போது ஏற்கெனவே போய்விட்டவர்கள் பட்டியலிலிருந்தே போய்விடுவார்கள். வேறு வழி இல்லை என்பதால் செய்யலாம். ஆனால் வரைபடத்தில் நீலம் பூசும்போது அது எந்த அளவோடு ஒப்பிட்டு வந்த நீலம் என்று ஓரத்தில் எழுத வேண்டும்.

வெப்பத்தால் இன்னொரு வேறுபாடு. குளிர்நாட்டில் ஓராண்டு எடுக்கும் வளர்ச்சியை நம் ஊர்ச் சூட்டில் பல மே ஈக்கள் சில வாரங்களில் முடித்துப் பறந்துவிடுகின்றன. ஆற்றின் நினைவு இங்கே குறுகியது. ஆண்டுக்கு இரண்டு மாதிரி என்று ஐரோப்பாவைப் பார்த்து வைக்கும் கணக்கு போதாது. வைகை போன்ற ஆறு இதைவிடக் கடினமான கேள்வி. அது பல மாதம் மணலாகக் கிடக்கும். அப்போது அடியில் யாருமே இல்லை என்பது மாசு அல்ல. அணை திறந்து தண்ணீர் வந்ததும் ஈர மணலுக்குள் ஒடுங்கியிருந்தவை மேலே வரும். நீர்வண்டுகளும் நீர்ப்பூச்சிகளும் பறந்து வந்து இறங்கும். கைரோனமிட்டும் சிறு மே ஈக்களும் முட்டையிட்டுச் சில நாட்களிலேயே கூட்டம் போடும். மெதுவாக வளர்பவை வந்து சேர இன்னும் வாரங்கள் ஆகும், அதற்குள் தண்ணீரை நிறுத்திவிட்டால் வரவே மாட்டா. பத்தாம் நாள் எடுத்த மாதிரியையும் ஐம்பதாம் நாள் எடுத்த மாதிரியையும் ஒரே அட்டவணையில் வைத்து ஆறு தேறிவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. வைகையில் மாதிரிக் குப்பியின்மேல் ஒட்டும் சீட்டில் இடம், தேதி, எடுத்தவர் பெயரோடு, தண்ணீர் வந்து எத்தனை நாளாயிற்று என்பதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.